கடிதத்தின் கடைசி வரி

1

நம் ஊர்க் கோவில் பங்குப் பத்திரிகையின் ஆசிரியர் ஒன்றரை மாதத்துக்கு முன்பு எனக்கு ஒரு கடிதம் எழுதினார். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். கிறிஸ்தவனுக்குத் தேசபக்தி உண்டா, உண்டென்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்று அக்கரையில், கொழும்பில் இருக்கும் நான் நாலு பக்கம் எழுதினால் தூத்துக்குடி வாசகர்களுக்குப் பிரயோசனமாக இருக்குமாம். நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்.

அந்தக் கடிதம் வந்த நாளிலேயே எழுத உட்கார்ந்திருந்தால் நாலு பக்கம் என்ன, நாற்பது பக்கம் எழுதியிருப்பேன். இப்போது எழுதுவது வேறு. இன்று சவேரியார் திருநாள். காலையில் கொட்டாஞ்சேனைக் கோவிலில் பாடற்பூசை. பிரசங்கத்தில் பங்குச் சாமி, சவேரியார் தம் நாட்டையும் தாயையும் துறந்து நம் முத்துக் குளிக்கும் கரைக்கு வந்ததைச் சொல்லி, பரலோகமே நம் மெய்யான நாடு என்று முடித்தார். எல்லோரும் உருகினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. சவேரியாருக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மகள் இல்லை. எந்தச் சர்க்கார் கந்தோரிலும் அவரை நிறுத்தி வைத்து, நீ எந்த நாட்டான் என்று யாரும் கேட்கவில்லை.

புனிதரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மனது சரியில்லை. ஏன் சரியில்லை என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். ஆசிரியர் விரும்பினால் அச்சுப் போடட்டும், இல்லாவிட்டால் கிழித்துப் போடட்டும்.

2

நான் கொழும்புக்கு வந்தது இருபத்தாறில். அந்த வருஷம் தூத்துக்குடியில் முத்துச் சலாபம். வெளியூர்களிலிருந்தெல்லாம் முத்துக் குளிக்க ஆட்கள் வந்து குவிந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணனும் குளிப்பவர்கள். நானும் குளிக்கப் போய், மூன்றாம் நாளே வலது காதில் ரத்தம் வந்துவிட்டது. அதோடு கடல் எனக்கு மூடிப் போனது. நாலு எழுத்துத் தெரியும் என்பதால் கொழும்பில் ஒரு தானியக் கிட்டங்கியில் கிராணி வேலைக்கு அனுப்பினார்கள். மூட்டை எண்ணி எழுதுகிற வேலை. இன்றைக்கும் அதே வேலைதான்.

கிட்டங்கியின் மேல் மாடியில் நம் பக்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் பாய் விரித்துப் படுப்போம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் எல்லோரும் ஊருக்குக் கடிதம் எழுதுவார்கள். முதல் ஞாயிறு நானும் எழுதினேன். நலம், நலமறிய ஆவல், சம்பளம் இவ்வளவு, சாப்பாடு பரவாயில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் இருந்த மூத்தவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, கடைசி வரி எங்கல?" என்றார். "என்ன கடைசி வரி?" என்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"மாதா சித்தமானால் அடுத்த திருநாளைக்கு ஊருக்கு வந்து, பிறகு நம் மண்ணிலேயே இருந்துகொள்வேன்."

எல்லோருடைய கடிதமும் அப்படித்தான் முடியும். கடிதம் போகிற வீட்டில் தாயார் இருப்பாள், அவளுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள், கடைசியில் இந்த வரி இல்லாவிட்டால் அவள் சோறு தின்ன மாட்டாள். அதற்காக எழுதுவது. அடுத்த திருநாள் என்றால் ஆகஸ்டில் வருகிற பனிமய மாதா திருநாள். அது வந்து போகும். மறுபடி அடுத்த திருநாள் என்று எழுதுவோம்.

இருபத்து மூன்று வருஷம் நான் அந்த வரியை விடவில்லை. கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்ச் சூசையம்மாளைக் கட்டிக்கொண்டு உடனே கூட்டி வந்துவிட்டேன். அதன் பிறகும் அதே வரிதான். பிலோமினா இங்கே பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போனாள். அப்போதும் அதே வரிதான். யுத்தத்தில் கப்பல் நின்றுபோன சமயம் அம்மா செத்துப்போனாள். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அண்ணனுக்கு ஆறுதல் சொல்லி எழுதிய கடிதத்திலும் என் கை தானாக அதே வரியை எழுதியது.

3

நாட்டைப் பற்றி எழுதச் சொன்னார்களே, அதற்கு வருகிறேன்.

ஞானோபதேச வகுப்பில் பத்துக் கட்டளைகளில் நாலாம் கற்பனைக்கு விளக்கம் சொல்லும்போது, பிதா மாதாவைச் சங்கித்து மதிப்பது என்பதில் பிறந்த நாட்டை நேசிப்பதும் அடங்கும் என்று கற்பித்தார்கள். அன்றைக்கு அது மனப்பாடத்துக்கு ஒரு வரி. நாற்பத்தேழு ஆகஸ்டு பதினைந்தில்தான் அதன் பொருள் எனக்குப் புரிந்தது. அன்று மாதா மோட்சத்துக்கு எழுந்தேறிய திருநாள். இந்தியாவுக்குச் சுதந்திரமும் அன்றே. பூசைக்குப் போகும்போது சட்டையில் காகிதத்தில் செய்த மூவர்ணக் கொடியைக் குத்திக்கொண்டேன். நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக் கிராதியில் முழங்காலில் இருந்தபோது அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. அழுதேன். மாதாவுக்காக அழுதேனா, நாட்டுக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரம் அண்ணன் தன் மகள் கையால் எழுதி அனுப்பிய கடிதத்தில் ஒரு சங்கதி இருந்தது. சுதந்திர நாளன்று கடைத்தெருவில் ஒரு அண்ணாச்சி அவரை மறித்து, "என்ன வேதக்காரரே, ஒங்க வெள்ளக்காரன் போயிட்டானே, இனி நீங்கள்லாம் எங்கன போவீய?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன் சொன்ன பதில்: "நான் வெள்ளன கடலுக்குப் போவேன் அண்ணாச்சி. வேற எங்கன போவ?"

அவர் சிரித்துவிட்டுப் போனாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேதம் நடுவில் வந்தது. கரை அதற்கு முன்பே நம்முடையது. நம் பாட்டன் பூட்டன் நுரையீரல் வெடிக்க மூழ்கி எடுத்த முத்தை ராஜாக்கள் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். நம்மைப் பார்த்து எங்கே போவீர்கள் என்று கேட்கலாமா? அன்று இரண்டு பக்கம் கோபமாக எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன். கிறிஸ்தவன் தன் நாட்டை மற்றவனைவிட ஒரு படி அதிகமாக நேசிக்கக் கடமைப்பட்டவன், ஏனென்றால் அவனுக்கு அது கற்பனை என்றெல்லாம் எழுதினேன். இந்தப் பத்திரிகைக்கு எழுதியிருக்க வேண்டிய கட்டுரை அதுதான்.

அந்தக் கடிதமும் அந்தக் கடைசி வரியோடுதான் முடிந்தது.

4

இந்த வருஷம் இங்கே சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இந்த நாட்டுப் பிரஜையாக வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். இத்தனை வருஷம் இங்கேயே இருந்தேன், இனியும் இங்கேயே இருப்பேன், வேறு நாட்டில் எனக்குப் பாத்தியதை வேண்டாம் என்று நிரூபிக்க வேண்டும். இல்லாதவர்கள் தற்காலிகச் சீட்டு வாங்கிக்கொண்டு, அது தீர்ந்தால் கப்பலேற வேண்டும்.

எனக்கு மட்டும் என்றால் சீட்டே போதும் என்று இருந்திருப்பேன். பிலோமினா ஆசிரியைப் பரீட்சையில் தேறியிருக்கிறாள். அவள் படித்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்திலேயே வேலை தருவதாக மதர் சொல்லிவிட்டார். பிரஜை என்ற பத்திரம் மட்டும் வேண்டும். அவளுக்கு இன்னும் இருபத்தொன்று நிரம்பவில்லை என்பதால் என் மனுவில்தான் அவள் பெயரும் இருந்தது. என் மனு தேறினால் அவள் டீச்சர். தேறாவிட்டால் அவள் ஒன்றுமில்லை. தூத்துக்குடியை அவள் கண்ணால் கண்டதில்லை. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷையும் சிங்களத்தையும் கலந்து கொழும்புத் தமிழில் பதில் சொல்லுவாள். நம் ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டி என்னைக் கேலி செய்வாள்.

மனுவில் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய்ச் சாமியிடம் கேட்டேன். பிறந்த நாடு வேண்டாம் என்று எழுதுவது நாலாம் கற்பனைக்கு விரோதமா?

"செசாருடையதைச் செசாருக்குக் கொடு. மனதில் பாரம் வேண்டாம்" என்றார்.

"எந்தச் செசாருக்கு சாமி? இப்ப ரெண்டு சர்க்காருல்லா இருக்கு" என்றேன்.

சாமி, "உன் மகளுக்கு எது நல்லதோ அதைச் செய்" என்றார். அதையே செய்தேன்.

5

எந்த வருஷமும் விடாமல் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். ஒரு காலத்தில் வாடகைச் சீட்டுகள் இருந்தன. நாற்பத்திரண்டில் ஈஸ்டர் அன்று ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, உயிருக்குப் பயந்து வீட்டை அப்படியே விட்டுவிட்டு நீர்கொழும்புக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது கொள்ளை போயிருந்த வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நம் ஆட்கள் பலர் அப்போது ஊருக்கே ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை. அதற்குச் சாட்சியும் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி தோன்றியது. என் கடிதங்களை அண்ணன் பத்திரமாக வைத்திருப்பார். ஒவ்வொரு உறையிலும் கொழும்புத் தபால் முத்திரை, தேதியோடு இருக்கும். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அண்ணனுக்கு எழுதினேன். அவர் ஒன்றுவிடாமல் கட்டி, இங்கே வந்த தோணியை ஓட்டும் தண்டலிடம் கொடுத்து அனுப்பினார். டிரங்குப் பெட்டியில் இருந்த ரசகற்பூர வாசனை அதில் இன்னும் இருந்தது.

வந்த கட்டை அப்படியே கொண்டுபோய்க் கந்தோரில் கொடுத்தேன். பிரித்து வாசிக்கவில்லை. நான் எழுதியதுதானே, என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியாதா என்ற மிதப்பு. முத்திரையைப் பார்க்கக் கொடுத்த கடிதத்தை அவர்கள் உள்ளேயும் பார்ப்பார்கள் என்று ஒரு கிராணிக்குத் தோன்றாமல் போனதே, அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

6

விசாரணைக்கு மூன்று பேரும் போனோம். அதிகாரி சிங்களவர். அவருக்கும் எனக்கும் போர்த்துகீசியர் விட்டுப்போன ஒரே குடும்பப் பெயர். சட்டைக் கழுத்தில், மாதா பக்தர்கள் போடுகிற உத்தரியத்தின் கயிறு தெரிந்தது. கோவிலில் அவரைப் பார்த்திருக்கிறேன். ஒரே கிராதியில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டு ஒரே அப்பத்தை வாங்கியவர்கள். அதை நினைத்துக் கொஞ்சம் தைரியம் வந்தது. மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். சுவிசேஷப் புத்தகத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்து, உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தேன்.

மேசையில் என் கடிதங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கடைசி வரியின் கீழ் சிவப்புப் பென்சில் கோடு. மொழிபெயர்ப்பாளர் வாசித்துப் போட்ட கோடாக இருக்க வேண்டும்.

அதிகாரி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என்னிடம், "இதெல்லாம் நீங்கள் எழுதின காயிதம்தானே?" என்றார்.

"ஆமாய்யா."

"எல்லாத்திலயும் கடைசி வரி ஒண்டாத்தான் இருக்கு. ஊருக்குத் திரும்பிப் போய் அங்கையே இருக்கப் போறன் எண்டு. ஐயா கேக்கிறார், இது உண்மையோ?"

"அது வழக்கமா எழுதுறதுய்யா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாவ."

அவர் அதைச் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு மறுபடி கேட்டார். "வழக்கமோ எண்டு ஐயா கேக்கேல்ல. எழுதேக்குள்ள உங்கட மனசில அப்பிடி இருந்ததோ, இல்லையோ? உண்மையோ, பொய்யோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ."

உண்மை என்றால் இங்கே நிலையாக இருக்கும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை என்று ஆகும். மனு அத்தோடு போயிற்று. பிலோமினாவைத் திரும்பிப் பார்த்தேன். பரீட்சைச் சர்டிபிகேட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பொய்" என்றேன்.

"அம்மாவுக்கும் பொய்தான் எழுதினீங்களோ?"

"ஆமா."

"அந்த ஊருக்குப் போக உங்களுக்கு விருப்பமே இல்லையோ?"

"இல்ல. எனக்கு அந்த ஊர் பிடிக்காது. அங்கன எனக்கு ஒண்ணுமே கெடையாது. அந்த மண்ணு எனக்கு வேண்டாம்." கேட்டதற்கு மேலேயே சொன்னேன். ஒரு பொய்யைச் சொல்ல ஆரம்பித்தால் அதை நன்றாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. சேசுநாதரைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தபோது சேவலாவது கூவியது. அங்கே மின்சார விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

டிராமில் திரும்பி வரும்போது சூசையம்மாள் என் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டில் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டியபடி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அத்தை செத்துப்போனது நல்லதாப் போச்சு. என்ன பேச்சு பேசிட்டு வந்திருக்கிய."

பிலோமினா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "தேங்க்ஸ், அப்பா" என்றாள்.

7

போன வாரம் தீர்ப்பு வந்தது. இங்கிலீஷில் ஒரு பக்கம். பிலோமினாதான் வாசித்துப் பொருள் சொன்னாள். இப்படி ஒரு விசாரணை வரும் என்று அறியாமல் இருபத்து மூன்று வருஷமாகத் தாய்க்கும் சகோதரனுக்கும் எழுதிய கடிதங்களே நம்பத்தக்கவை. ஆதாயம் கருதி இங்கே சத்தியத்தின் பேரில் மனுதாரர் சொன்னது நம்பத்தக்கதல்ல. மனுதாரருடைய பற்று அவர் பிறந்த நாட்டின் மேலேயே உள்ளது. மனு தள்ளப்படுகிறது.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அதைக் கேட்ட அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைத்தெரு அண்ணாச்சிக்கு நம் தேசபக்தியில் நம்பிக்கை இல்லை. நம் ஊரில் போய் இறங்கினால் சுங்கக்காரன் என்னைக் கொழும்பான் என்பான். ஒரு அன்னிய நாட்டு அதிகாரிதான், இவன் தன் நாட்டை நேசிக்கிறான் என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். நான் சத்தியம் செய்து மறுத்த பிறகும் கொடுத்திருக்கிறார். பிலோமினா காகிதத்தை மடித்து வைத்ததும் அந்தச் சந்தோஷம் செத்துப்போனது.

அப்பீல் பண்ணலாம் என்று புரொக்டர் வக்கீல் ஒருவர் சொன்னார். எதை வைத்துப் பண்ணுவது? என் எழுத்தே எனக்கு எதிர்ச்சாட்சி. கையில் இருக்கிற தற்காலிகச் சீட்டு பொங்கலோடு தீர்கிறது. அதற்குள் ஊருக்குப் போய்விடுவதுதான் மரியாதை என்று சூசையம்மாளும் நானும் முடிவு செய்தோம். மறுநாள் சாயந்திரம் பிலோமினாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன்.

"நான் வரல்ல" என்றாள்.

"கழுத, இங்கன ஒத்தையில என்னளா செய்வ?"

"மதர் கான்வென்ட்டில இடம் தாறேன் எண்டு சொல்லிட்டாங்க. எனக்கு பெர்மிட்டுக்கும் எழுதிப் போட்டிருக்காங்க. சம்பளம் இல்லாட்டியும் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சுக்கொண்டு இருப்பேன்."

"நம்ம ஊர் இருக்கும்போது நீ எதுக்கு அடுத்தவங்க கையை எதிர்பாக்கணும்?"

"நம்ம ஊரா?" என்று என்னை நேராகப் பார்த்தாள். "அங்க ஒண்ணுமே கிடையாது, அந்த ஊர் பிடிக்காது, அந்த மண் வேண்டாம் எண்டு பைபிளை முத்தி செஞ்சு சொன்னது நீங்கதானே? நானும் அங்கதானே இருந்தேன். உங்களுக்கே பிடிக்காத இடத்துக்கு என்னை ஏன் கூப்பிடுறீங்க?"

"அது ஒனக்காகச் சொன்ன பொய்யிளா."

"அப்போ காயிதத்தில எழுதினது?"

"அதான் நெசம்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளாசில் ஒரு பிள்ளையிடம் விளக்கம் கேட்கிற டீச்சரைப் போலப் பொறுமையாகக் கேட்டாள்: "நெசம் எண்டா இருபத்து மூணு வருஷமா ஏன் அப்பா போகல்ல? கப்பல் ஓடினதுதானே. பாட்டி இருந்தாங்கதானே."

சூசையம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது. சம்பளம் போதவில்லை, லீவு கிடைக்கவில்லை, யுத்தம் வந்தது, உன் படிப்பு இருந்தது என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் உண்மைதான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

8

ஆசிரியர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கிறிஸ்தவனுக்குத் தேசபக்தி உண்டு. இருக்கத்தான் வேண்டும், அது கற்பனை. ஆனால் பிதா மாதாவைச் சங்கி என்றுதான் கற்பனை சொல்கிறது, சங்கிப்பதாக அவர்களுக்குக் கடிதம் எழுது என்று சொல்லவில்லை. நான் நாட்டை நேசித்ததெல்லாம் மையில்தான். அது பொய் இல்லை என்று மாதாவின் பாதத்தில் தலை வைத்துச் சொல்வேன். அது போதவில்லை என்று என் மகள் கண்டுபிடித்துவிட்டாள். பாவசங்கீர்த்தனத்தில் பொய்ச் சத்தியம் செய்ததைச் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டேன். மையோடு நின்றுபோன இந்த நேசத்தை எந்தக் கற்பனையின் கீழ் சொல்வது என்று தெரியாமல் சொல்லாமலே எழுந்து வந்தேன்.

அண்ணனுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். எங்கே இருப்பது, என்ன வேலை செய்வது என்று ஒன்றும் தெரியவில்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில் கடலுக்கும் போக முடியாது, கரையிலும் எனக்கு இடம் இல்லை. சூசையம்மாள் மகள் படுக்கிற பாயைத் தட்டிச் சுருட்டிக் கட்டிவிட்டு, பிறகு அவிழ்த்து விரித்தாள். இதை இரண்டு நாளாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

இன்று பூசை முடிந்ததும் பிலோமினா மடத்துக்குப் போய்விட்டாள். நான் அங்கிருந்து கப்பல் கம்பெனிக் கந்தோருக்குப் போனேன். வரிசையில் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர், குழந்தை குட்டிகளோடு. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல், "தூத்துக்குடிக்கு எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றேன்.